நீல மூடிக் குழாய்

வணக்கம் நேயர்களே. அரிவி வெட்டுக் காலத்தில் புடையன் பாம்பு கடித்தவரைக் கொண்டு ஓடி வருகிறீர்கள். தாதி இரத்தம் எடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எடுக்க வருகிறார். "இப்பதானே எடுத்தனீங்கள்?" என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. ஆய்வுகூடத்தில் அந்தக் குழாயைக் கையில் வாங்குகிறவன் நான். அதற்குள் இருப்பதைச் சொல்கிறேன்.

நீல மூடிக் குழாயின் அடியில் தண்ணீர் போல 0.3 மில்லிலீற்றர் கிடக்கும். அதுதான் சித்திரேற்றுத் தாங்கற் கரைசல். தேசிக்காய்ச் சாற்றில் கொஞ்சம் அப்பச்சோடா போடுங்கள். பொங்கி அடங்கியும் புளிப்பு மிச்சம் இருந்தால், கோப்பையில் உள்ளது கிட்டத்தட்ட இதே சரக்குத்தான்: சித்திரிக் அமிலமும் அதன் சோடியம் உப்பும். அதில் துளி அமிலம் விட்டால் உப்பு வாங்கிக்கொள்ளும், காரம் விட்டால் அமிலம் வாங்கிக்கொள்ளும். பீ.எச்., அதாவது அமிலம் காரத்தின் அளவு, பெரிதாக அசையாது; தாங்கல் என்பது இதுதான். சித்திரிக் அமிலத்துக்கு விட்டுக்கொடுக்க மூன்று ஐதரசன் உண்டு. அவை 3.1, 4.8, 6.4 என்ற பீ.எச். அளவுகளை ஒட்டி ஒவ்வொன்றாகப் பிரிவதால், ஏறக்குறைய 3 முதல் 6.2 வரை பீ.எச். அசையாமல் வைக்க இந்த ஒரு சோடியே போதும். புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் இழையத் துண்டுகளைச் சாயமிடுமுன் பீ.எச். 6 உள்ள இதில் சூடாக்குவதும் உண்டு.

இரத்தத்தில் அதற்கு இன்னொரு வேலை. இரத்தம் உறையக் கல்சியம் வேண்டும். சித்திரேற்று அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உறைவு நின்றுவிடும். அப்புறம் நாங்கள் கல்சியத்தைத் திருப்பிக் கொடுத்து, எத்தனை செக்கனில் உறைகிறது என்று பார்ப்போம். புடையன் விஷம் ஏறியிருந்தால் அந்த நேரம் நீளும்.

இதெல்லாம் 9க்கு 1 என்ற கணக்கில்தான் சரிவரும். 0.3க்கு 2.7 மில்லிலீற்றர் இரத்தம், குழாயில் உள்ள கோடு வரை. ஒருமுறை என்னிடம் வந்த குழாயில் பாதிதான் இருந்தது. அவசரத்தில் நானும் அதையே ஓட்டிவிட்டேன். நேரம் பயங்கரமாக நீண்டது. இரத்தம் குறைந்ததால் மிஞ்சிய சித்திரேற்று, நாங்கள் கொடுத்த கல்சியத்தையும் பிடித்துவிட்டது. விளங்கியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். விஷமுறிவு மருந்து லேசுப்பட்டதல்ல, சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அதைத் தேவையில்லாமல் ஏற்றவும் கூடாது, தேவையானவருக்குப் பிந்தவும் கூடாது.

கோடு வரை நிரப்பி மறுபடி எடுத்தார்கள். நேரம் சரியாக வந்தது. விஷம் மெல்ல ஏறவும் கூடும் என்பதால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னார் டொக்டர். விடியும்வரை அந்த மனிசன் முகம் சுளிக்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.