பழைய ஹெர்குலஸ்ல கிராங்க் வரமாட்டேங்குதா? கீழ முட்டுக் குடுத்து ஒரே அடிங்க

வணக்கமுங்க. இன்னைக்கு கையில இருக்கறது பழைய ஹெர்குலஸ். 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூர்ல பண்ணின வண்டி. பெருந்துறைப் பக்கம் ரெண்டு பொறமும் பால் கேன் கட்டி மிதிச்சதுங்க.

கிட்ட வந்து பாருங்க. கிராங்க, அதாவது பெடல் மாட்டற கைய, நடுவுல சுத்தற ஆக்சிலோட சேத்துப் புடிச்சிருக்கறது இந்த ஒரே காட்டர் பின்னுதான். ஒரு பக்கம் சரிவா பட்டை எடுத்திருக்கும். அந்தப் பட்டை ஆக்சில்ல இருக்கற வெட்டுல ஆப்பு மாதிரி இறுகி நிக்குது. பாரம் ஏத்தி வருசக்கணக்கா மிதிச்சா பட்டையில தழும்பு விழுந்துரும், மேல துருவும் புடிச்சுக்கும். அதானுங்க வரமாட்டேங்குது.

நெறையப் பேரு சின்ன சுத்தியல வெச்சு டொக்கு டொக்குன்னு தட்டறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. பின்னு நகராது, முனை மட்டும் பூவாட்டம் விரிஞ்சு போயிரும். அடியெல்லாம் ஆக்சில் வழியா உள்ள எறங்கி, ஆக்சிலத் தாங்கற கப்புலயும் பால்ரஸ் குண்டுலயும் குழி விழுந்துரும். நல்ல வண்டி கெட்டுப் போறது இங்கதான்.

மொதல்ல நட்டு ஓரத்துல எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே ஊற விடுங்க. காலைல நட்ட லூஸ் பண்ணுங்க, முழுசாக் கழட்டிறாதீங்க. பின்னோட முனையும் நட்டு மேல்பாகமும் ஒரே மட்டத்துல நிக்கட்டும். அப்பத்தான் மரை நசுங்காது.

இப்ப முக்கியமான வேலை. நம்மூர்ல போர் மோட்டார் பைப்புத் துண்டு கிடைக்காத தோட்டம் இருக்காதுங்க. காட்டர் தலை, அதாவது நட்டு இல்லாத தடிச்ச முனை, உள்ள எறங்கற அளவு வாய் இருக்கற துண்டு ஒண்ணு எடுத்துக்குங்க. சிமெண்ட் தரைக்கும் கிராங்குக்கும் நடுவுல நேரா நிக்கற நீளத்துக்கு அறுத்துக்குங்க. வண்டியோட பாரம் அந்தப் பைப்பு மேல உக்காரோணும். நட்டு மேல, தலை கீழ. இப்ப பெரிய சுத்தியல எடுத்து, நேரா, தயங்காம ஒரு அடி.

...கேட்டீங்களா? சத்தமே மாறிப் போச்சு! பாருங்க, தலை கீழ எறங்கி பைப்புக்குள்ள நிக்குது. என்ன ஒரு சந்தோசமுங்க!

இதுக்கும் வரலீன்னா கிராங்க மட்டும் சூடு பண்ணி அடிச்சுப் பாருங்க. பெயிண்ட், குரோம் போயிரும், அதனால யோசிச்சுப் பண்ணுங்க. கடைசி வழி, மரைய அறுத்துட்டு நடுவுல டிரில் போடறது. கை நடுங்குச்சுன்னா பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிருங்க.

பழைய பின்ன மறுபடி போடாதீங்க. இங்கிலீஷ் மாடல் வண்டிக்கு பின்னு தடிமன் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டருங்க, இருந்தாலும் கடைக்கு பழசக் கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்க. பட்டை சரியா உக்காரலீன்னா அரத்துல ராவிக்கோணும். ஒரு பக்கம் நட்டு மேல பாத்தா மறுபக்கம் கீழ பாக்கோணும், இல்லீன்னா ரெண்டு பெடலும் ஒரே நேர்ல வராது. அடிச்சு எறக்கிட்டு அப்பறம் நட்ட முறுக்குங்க. நட்டால பின்ன இழுத்தா மரை போயிரும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, முட்டுக் குடுத்து இன்னொரு தட்டுத் தட்டி, நட்ட மறுபடி முறுக்கிருங்க.