அமிலத்துக்குப் பயந்த கிருமி

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

எண்டோஸ்கோபி அறையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை வைத்திருப்பார்கள், நடுவில் மஞ்சளாகக் கொஞ்சம் ஜெல். இரைப்பையின் உட்சுவரிலிருந்து ரவை அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து அந்த ஜெல்லுக்குள் அமுக்கி வைப்பார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி நிறைய இருந்தால் சில நிமிடங்களிலேயே அந்தத் துணுக்கைச் சுற்றி ரோஜா நிறம் கசிய ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் வில்லை முழுக்கச் சிவந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்த நிறம் ஏன் மாறுகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் அப்பாவுக்கு அல்சர். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, காரம் சேர்க்காதீர்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். அவரும் வருஷக்கணக்கில் மோரும் சாதமுமாகச் சாப்பிட்டார், வலி போகவில்லை. அன்றைய வைத்தியம் அவ்வளவுதான், ஏனென்றால் இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்காது என்றுதான் பாடத்தில் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1979இல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அவரோடு சேர்ந்த இளம் டாக்டர் பாரி மார்ஷல் அவற்றை வளர்க்கப் பார்த்தார், வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் இன்குபேட்டரிலேயே கிடந்துவிட்டன, திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! இரண்டே நாளில் தூக்கிப் போட்டதால்தான் அதுவரை கிடைக்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார், சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன, எண்டோஸ்கோபியில் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமிக்குத்தான் இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர்.

சரி, அது எப்படி அங்கே உயிரோடு இருக்கிறது? அமிலத்தைத் தாங்குகிற முரட்டுக் கிருமி என்று நினைப்போம். அப்படியில்லை, அமிலத்தில் அப்படியே விட்டால் இதுவும் செத்துப்போகும். அது செய்வதெல்லாம் தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தைத் தணித்துக்கொள்வதுதான். அதற்கு யூரியேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது, தன் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் 10 சதவீதம் வரை அந்த ஒரே நொதிக்காகச் செலவழிக்கிறது! நம் ரத்தத்திலிருந்து இரைப்பைக்குள் கொஞ்சம் யூரியா கசிந்துகொண்டே இருக்கும், அதை யூரியேஸ் உடைத்தால் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் வரும், அம்மோனியா அமிலத்தை முறித்துவிடும். அந்த மஞ்சள் ஜெல்லிலும் யூரியா இருக்கிறது, யூரியேஸ் அதை உடைத்து அம்மோனியா வந்ததும்தான் நிறம் மாறுகிறது. இந்த நொதி வேலை செய்ய நிக்கல் வேண்டும், அதனால் நம் சாப்பாட்டில் இருக்கிற துளித்துளி நிக்கலைக்கூட இது விடாமல் பொறுக்குகிறது.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது அதன் வாசல். கிருமியின் உள்சவ்வில் யூரியா நுழைய ஒரு புரதக் கால்வாய் இருக்கிறது, யூர்-ஐ என்று பெயர். வெளியே அமிலம் ஏறினால் அது திறக்கும், அமிலம் தணிந்தால் மூடிக்கொள்ளும். ஏன் மூட வேண்டும்? அமிலமே இல்லாத இடத்திலும் அம்மோனியா தயாரித்துக்கொண்டே இருந்தால் அந்த அம்மோனியாவின் காரத்தன்மையிலேயே அது செத்துவிடும்.

இரைப்பைச் சுவரின் மேல் சளி ஒரு போர்வை மாதிரி கிடக்கிறது. அமிலம் இருக்கும்வரை அது கெட்டியான ஜெல். கிருமி திருகு போல வளைந்திருப்பதால் திருகிக்கொண்டே உள்ளே போகிறது என்று ரொம்ப நாள் நம்பினோம், ஆனால் ஜெல்லில் அது மாட்டிக்கொள்கிறது, வால் இழைகள் சுழல்கின்றனவே தவிர நகர முடிவதில்லை. அம்மோனியா பட்டு அமிலம் குறைந்ததும் சுற்றியுள்ள சளி இளகுகிறது, அப்புறம் நீந்திப் போகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் அமிலம் ஏறக்குறைய இல்லை. அங்கே போனதும் பேப்-ஏ போன்ற புரதங்களால் செல்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு, பல பேரிடம் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது.

இதுவரை அது பிழைக்கிற கதை. நோய் எங்கிருந்து வருகிறது? சில வகைகளிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் வழியாகக் காக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள் நேரடியாகச் செலுத்துகின்றன. உள்ளே போன புரதத்தின் மேல் நம் செல்லின் நொதிகளே பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன, உடனே அது ஷிப்-2 என்ற வளர்ச்சி சம்பந்தப்பட்ட நொதியைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. ஆய்வகத்தில் இந்தச் செல்களைப் பார்த்தால் ஹம்மிங் பறவையின் அலகு போல நீண்டு கிடக்கும். செல்லுக்குச் செல் இருக்கிற பிடிப்பும் தளர்கிறது. வாக்-ஏ என்ற இன்னொரு நச்சு, செல்லுக்குள் ஓட்டை ஓட்டையாகக் குமிழிகளை உண்டாக்குகிறது. வருஷக்கணக்கில் இந்த அழற்சி நீடித்தால் சிலருக்குப் புற்றுநோய் வரை போகும். 1994இலேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணியாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் அறிவித்துவிட்டது. கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்து எழுந்து போக வேண்டாம்.

அப்பாவுக்கு வந்தது சிறுகுடல் தொடக்கத்தில் புண். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி வந்தால் அமிலத்தை அடக்குகிற சொமாட்டோஸ்டாட்டின் ஹார்மோன் குறைந்து, தூண்டுகிற காஸ்ட்ரின் கூடுகிறது, அந்தக் கூடுதல் அமிலம் குடலில் கொட்டிப் புண்ணாக்குகிறது. மோர் சாதத்தால் அதை எப்படி நிறுத்துவது?

மருந்திலும் இதே கணக்குதான். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், பெருகிக்கொண்டிருக்கிற கிருமியைத்தான் கொல்லும், அமிலத்தில் இந்தக் கிருமி பெருகாமல் பதுங்கியிருக்கும். அதனால்தான் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமிலம் குறைந்ததும் பெருக ஆரம்பிக்கும், அப்போது மருந்து பிடித்துவிடும். பெரும்பாலும் 14 நாள். நாலு நாளில் வலி போனதும் நிறுத்தினால், மருந்துக்கு மசியாத கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும்.

கடைசியாக ஒன்று. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’யைத் தினமும் போட்டுக்கொண்டே பரிசோதனைக்குப் போகாதீர்கள். அந்த மாத்திரையால் கிருமியின் எண்ணிக்கையும் யூரியேஸ் வேலையும் குறைந்து, கிருமி உள்ளே இருக்கும்போதே அந்த மஞ்சள் ஜெல் மஞ்சளாகவே நின்றுவிடலாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள், ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நாலு வாரம் கழித்துப் போங்கள்.