தங்கி வாழ்வதே நிறைவு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த இரவு நேரத்திலும் கலையாமல் மாசி வீதியில் அமர்ந்திருக்கும் மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

வெளிநாட்டுப் பயணத்தில் நிறைவு தருவது பல நாடுகளைச் சுற்றிப் பார்ப்பதா, ஓர் ஊரில் தங்கி வாழ்வதா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், இருப்பது சிறிய சேமிப்பு, அதற்குள் ஏழு நாளில் மூன்று நாடுகளைப் பார்த்துவிடுவதே கெட்டிக்காரத்தனம் என்றார். மாதக்கணக்கில் தங்குவது வசதி படைத்தவர்களுக்கே கைகூடும் என்றும் சொன்னார்.

நடுவர் அவர்களே, நம் ஊருக்கு வருகிற வெளிநாட்டவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பேருந்தில் வந்து இறங்கும்போது பகல் பன்னிரண்டரை ஆகியிருந்தால் மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும். மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு, அவசரமாக ஒரு தரிசனமும் செய்துவிட்டு, இருட்டுவதற்குள் தேக்கடிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இரவில் சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் ஏறி, மேளமும் சாம்பிராணிப் புகையும் சூழ, மீனாட்சியின் பள்ளியறைக்கு எழுந்தருளும் காட்சியை அவர்கள் காண்பதே இல்லை. மதுரையைப் பார்த்தாயிற்று என்று அவர்கள் சொல்வதை நாம் ஒப்புக்கொள்வோமா? நம் ஊருக்குப் பொருந்தாத கணக்கு, அடுத்தவர் ஊருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

எதிரணி நண்பர் புகழ்ந்த அந்த ஏழு நாள் பயணத்தை நானும் என் அம்மாவும் போய்வந்தவர்கள்தாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்; ஓர் இடத்தில் இருபது நிமிடம், மறு இடத்தில் அரை மணி நேரம். நான்காம் நாள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மீதி இடங்களை அவர் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு, எந்தக் கோபுரம் எந்த நாட்டில் இருந்தது என்று கேட்டால் இருவருக்குமே தடுமாற்றம்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மலேசியாவில் இருக்கும் பினாங்குக்குப் போனோம், இருபத்தைந்து நாள். செலவைச் சொல்கிறேன், ஏனெனில் எதிரணியின் வலுவான வாதம் அதுதான். போகவர விமானக் கட்டணம் ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளில் திரும்பினால் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் அதற்கே போகிறது. இருபத்தைந்து நாள் தங்கினால் அதே தொகை நாளொன்றுக்கு 800 ரூபாயாகக் கரைகிறது. அறை வாடகையை மாதக் கணக்கில் பேசும்போது நாள் வாடகையைவிடக் குறைவாகவே முடிகிறது. அறையில் ஒரு மின்சாரக் குக்கர் இருந்தால் காலையும் இரவும் நம் கைச் சமையல். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மையத்தில் கட்டணமில்லாத பேருந்தே ஓடுகிறது. வேகம்தான் காசைத் தின்கிறது, நடுவர் அவர்களே, தங்குவது தின்பதில்லை.

ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான நகரம். அங்கே ஒரே சாலையை ஒட்டி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சீனர்களின் குவான் யின் கோயிலும், பக்கத்துத் தெருவில் நம் மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. சுற்றுலாப் பேருந்து அங்கே நின்று, படம் எடுத்துக்கொண்டு, கிளம்பிவிடுகிறது. அம்மாவோ ஒரு மழை நாள் மாலையில், ஐந்தடி வழிப்பாதை என்று அவர்கள் சொல்கிற கடை முன்தாழ்வாரத்தில் ஒதுங்கி, பாங்கொலி அடங்கியதும் கோயில் மணி கேட்க, ஊதுபத்திக் கட்டுகளின் புகை மழையில் தாழ்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முதல் வாரம் சந்தையில் நான்தான் அவருக்காகப் பேசினேன். அங்குள்ள தமிழர்கள் மலேசிய நாணயமான ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள், இரண்டாம் வாரம் அம்மாவே, "இந்தக் கீரை ரெண்டு வெள்ளியா? நேத்து ஒன்றரைதானே தாயி" என்று கேட்டு வாங்கினார். கால் வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

விசா கிடைக்காதே என்பார்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்க மலேசியா அனுமதித்தது. வியட்நாம் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் மின்விசாவின் காலத்தை 90 நாளாக நீட்டியது. புறப்படும் முன் விதிகளை மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய் அங்கே வேலை செய்யக் கூடாது. மருத்துவக் காப்பீட்டை மிச்சப்படுத்த நினைப்பது தவறு என்பதையும் அழுத்தியே சொல்கிறேன்.

எனக்கு மாத விடுப்பு கிடைக்காதே என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஓய்வு பெற்றவர்களுக்கும் கோடை விடுமுறை உள்ள ஆசிரியர்களுக்கும் இருக்கிற நாள்கள் எல்லோருக்கும் இல்லை. ஏழு நாள்தான் என்றால், மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பு போய், ரயிலில் கண்டிக்குப் போய், ஏழு நாளும் கண்டியிலேயே இருங்கள். ஏரியைச் சுற்றி தினமும் காலையில் நடங்கள், ஒரே கடையில் தேநீர் குடியுங்கள். மூன்றாம் நாள் உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்கமாட்டார்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.