வண்டி கை காட்டுமா?

நேயர்களுக்கு வணக்கம். பத்து வருஷம் மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் வண்டி ஓட்டினேன். இப்போது இராமநாதபுரத்தில் டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன மாதம் உச்சிப்புளி தாண்டி ஒரு சுற்றுலா காருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது. நம்மூர் ஆள் என்றால் ஹாரன் அடித்து, வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போவார். அந்தக் கார் சட்டென்று நின்றுவிட்டது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தேன். கோபத்தோடு இறங்கிப் போனால், ஓட்டிய தம்பிக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. “அண்ணே, நான் பிரேக் போடலை. வண்டியே போட்டுருச்சு” என்றார். முன்னால் ஏதாவது தெரிந்தால் தானே பிரேக் போடும் வசதி அந்தக் காரில் இருந்ததாம். இதன் அடுத்த படிதான் தானே ஓடும் கார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், தானே ஓடும் கார்களைச் சோதிக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு விபத்தையும் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கைகளில் அதிகம் வருவது, மனிதர் ஓட்டிய வண்டி பின்னால் வந்து முட்டுவதுதான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுத்தானே ஓட்டுகிறோம்? இயந்திரத்தின் கணக்கு வேறு.

அப்புறம், ரோட்டில் நாம் பேசும் பேச்சு ஒன்று இருக்கிறது. எதிரே வருகிறவர் லைட்டை இரண்டு தடவை அடித்தால், இங்கே ‘நான் வர்றேன், நில்லு’ என்று அர்த்தம். இங்கிலாந்தில் பலர் அதையே ‘நீங்க போங்க’ என்று எடுத்துக்கொள்வார்கள். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் ஏறிப் போகச் சொல்கிறாரா, திரும்பப் போகிறாரா? ஜன்னலில் அவர் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஆளில்லாத வண்டியில் எந்தக் கையைப் பார்ப்பது? வண்டி தானே ஓடுகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவிக்க, நீலப்பச்சை நிற விளக்கு வைக்க 2023-இல் மெர்சிடிஸ் கம்பெனி கலிபோர்னியாவில் அனுமதி வாங்கியது. நல்ல யோசனைதான். ஆனால் ‘அது எப்படியும் நின்றுவிடும்’ என்று தெரிந்தால் குறுக்கே நுழைகிறவர்களும் இருப்பார்கள். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை வாரிப் போட்டு, வெள்ளைக் கோட்டை மூடிவிடும். கோட்டைப் பார்த்து வண்டியை நேராக வைக்கும் கேமராவுக்கு அங்கே வேலையில்லை. வெளியூர்த் தம்பிமார்களே, அரிச்சல்முனை போய்த் திரும்பும் வரை ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காதீர்கள். உங்கள் பின்னால் வருகிற என் மாணவர்களுக்கு, வழக்கத்தைவிட இன்னும் ஒரு கார் நீளம் தள்ளி வரச் சொல்லியிருக்கிறேன்.