இருவாய் ஏரி

நேயர்களுக்கு வணக்கம்.

31 ஆண்டுகளாக நான் ஒரு நாட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு நாடு உலகில் கிடையாது. பன்னிரண்டு வயதில் பழைய மாத நாட்காட்டித் தாள் ஒன்றின் வெள்ளைப் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கடற்கரை வரைந்தேன். அந்தக் கடற்கரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை. இப்போது 46 தாள்கள் சேர்ந்திருக்கின்றன. நாட்டின் பெயர் நீலாவரை.

நீங்களும் சின்ன வயதில் இப்படி ஏதாவது செய்திருப்பீர்கள். தரையில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் என் ராஜ்யம், அந்தப் பக்கம் உன் ராஜ்யம் என்று விளையாடியிருப்பீர்கள். வளர்ந்தால் விட்டுவிட வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் விட்டுவிடுவதில்லை. இங்கிலாந்தில், ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் எழுதிய எமிலி பிராண்ட்டியின் குடும்பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1826இல் அப்பா மகனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அந்தப் பொம்மைகளை வைத்து நான்கு பிள்ளைகளும் நகரங்களையும் நாடுகளையும் உண்டாக்கினார்கள். பிறகு எமிலியும் தங்கை ஆனும் கோண்டல் என்று தனியாக ஒரு நாடு அமைத்துக்கொண்டார்கள். 1845இல் இருவரும் யார்க் நகருக்குப் பயணம் போனபோது, வழியெல்லாம் கோண்டல் நாட்டு மனிதர்களாகவே நடித்துக்கொண்டு போனதாக எமிலி எழுதி வைத்திருக்கிறார். அப்போது எமிலிக்கு வயது 26. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாட்டை உருவாக்க நினைப்பவர்கள் அரசன், போர், கோட்டை என்று தொடங்குவார்கள். நான் சொல்வது, முதலில் தண்ணீர். மலையை வையுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். கடல் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இறங்குகிற காற்றில் ஈரம் இருக்காது. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் முள்ளும் மண்ணும். யார் ஆடு மேய்ப்பார்கள், யார் நெல் விதைப்பார்கள், யார் யாரிடம் கடன் வாங்குவார்கள் என்பதெல்லாம் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது ஆறு. ஆறுகள் ஒன்றோடு ஒன்று சேரும், பிரியாது. மலையிலிருந்து பத்து ஓடைகள் கிளம்பி ஒரே ஆறாகக் கடலுக்குப் போகும். ஓர் ஆறு நடுவழியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போவது மிக மிக அரிது. கழிமுகத்தில் பிரிவது வேறு கதை. தென் அமெரிக்காவில் காசிகியாரே என்று ஓர் ஆறு இருக்கிறது. ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து, ரியோ நெக்ரோ வழியாக அமேசானில் போய்ச் சேர்கிறது. 1800இல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் அதன் வழியே படகில் போய் உறுதிப்படுத்தினார். அது ஒரு விதிவிலக்கு. ஆறுகள் சேரும், பிரியாது. இதை மறக்காதீர்கள், ஏனென்றால் என் கதையே இதில்தான் இருக்கிறது.

பதினான்கு வயதில் எனக்கு இது தெரியாது. நீலாவரையின் நடுவில், உயரத்தில், ஓர் ஏரி வரைந்தேன். அதிலிருந்து கிழக்கே ஓர் ஆறு, மேற்கே ஓர் ஆறு. பார்க்க அழகாக இருந்தது. இருவாய் ஏரி என்று பெயரும் வைத்துவிட்டேன். ஒன்பது ஆண்டு கழித்துத்தான் படித்தேன்: ஏரி நிரம்பினால் கரையில் எங்கே தாழ்வோ அந்த வழியாகத்தான் வழியும். இரண்டு வழி இருந்தாலும், எந்த வழியில் தண்ணீர் வேகமாக அரிக்கிறதோ அது ஆழமாகி, நீர்மட்டத்தை இறக்கி, மற்றதைக் காயவைத்துவிடும்.

அன்று இரவு ரப்பரை எடுத்து மேற்கு ஆற்றை அழிக்க உட்கார்ந்தேன். ஒரு அங்குலம் அழித்தேன். கரி போய்விட்டது, ஆனால் பள்ளம் போகவில்லை. பதினான்கு வயதில் பென்சிலை அவ்வளவு அழுத்தி வரைந்திருக்கிறேன். விளக்குக்கு நேரே தாளைச் சாய்த்துப் பிடித்தால், அழித்த இடத்தில் ஆறு தெரிகிறது. கையால் தடவினாலும் தெரிகிறது. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் தோன்றியது, இது தானாக ஓடுகிற ஆறு இல்லை, யாரோ வெட்டியது.

யார் வெட்டினார்கள்? மேற்கேதானே மழை இல்லை. அவர்கள்தான் வெட்டியிருக்க வேண்டும். ஏரிக்கரைக் குன்றைக் குடைந்து 2 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய். முடியுமா? கிரேக்கத்தின் சமோஸ் தீவில், கி.மு. 6ஆம் நூற்றாண்டில், யூபாலினோஸ் என்பவர் 1,036 மீட்டர் நீளத்துக்கு மலையை இரு பக்கமிருந்தும் குடையவைத்து நடுவில் சேர்த்திருக்கிறார். குடிநீருக்காகத்தான். அப்படியானால் முடியும். பாறையில் நாளுக்கு ஒரு முழம், இரு பக்கமிருந்தும் வேலை என்று கணக்குப் போட்டேன். ஆறு ஆண்டு வந்தது.

ஆறு ஆண்டு என்றதும் கேள்விகள் வரிசையாக வந்தன. அத்தனை ஆண்டு அவர்களுக்குச் சோறு போட்டது யார்? கிழக்கே ஆற்றில் தண்ணீர் குறைந்தபோது அங்கே என்ன நடந்தது? மதகின் சாவி யார் கையில்? இரண்டு தலைமுறைச் சண்டைக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம். விதைப்பு மாதத்தில் மதகு மூடியிருக்கும். மதகைக் காக்க ஏரிக்கரையில் ஓர் ஊர், அதில் பாதிக் குடும்பம் கிழக்கு, பாதி மேற்கு. அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மொழியும் பேசுவார்கள். நீலாவரையில் நான் எழுதிய கதைகளில் பாதிக்கு மேல் அந்த ஊரில்தான் நடக்கின்றன. எல்லாம் ஒரு பிழையிலிருந்து வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அழிக்காதீர்கள். வரைபடத்தில் பிழை கண்டால், அந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தூரம் பற்றியும் பெயர்கள் பற்றியும் நிறையச் சொல்ல வந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். தூரத்தை நாள் நடையில் அளந்து வையுங்கள், 25 கிலோமீட்டர் என்றால் ஒரு நாள். ஒரு சாவுச் செய்தி எத்தனை நாளில் வந்து சேரும் என்பது அதில் தெரிந்துவிடும். பெயர்களைப் புதிதாகவே விடாதீர்கள், வாய்க்கு வாய் தேயவிடுங்கள். என் முதல் தாளில் வெண்மணல்துறை என்று இருந்த ஊர் இன்று வெம்மந்துறை. இருவாய் ஏரியை அங்குள்ளவர்கள் இப்போது இருவாரி என்கிறார்கள். அடுத்த தாளில் அப்படித்தான் எழுதப்போகிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.