சேர்ந்த தலைப்பும் பிடித்த தலைப்பும்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்த சில மாதங்களில், "எழுதிக் கொடுத்த தலைப்பில் மனசு ஒட்டலைங்க" என்று வந்து நிற்கும் பிள்ளைகள் நிறையப் பேர். ஏதோ தப்பு செய்துவிட்டது போலத் தயங்குவார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. விண்ணப்பத்தோடு கொடுக்கும் ஆய்வுத் திட்டம், ஆராய்ச்சிக்குள் இன்னும் இறங்காதவர் எழுதியதுதானே?

திருப்பூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், சாயக் கழிவுநீரில் நிறத்தை நீக்குவது பற்றி எழுதிக் கொடுத்துச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு நாலு நடை போனாலே, பெரிய தலைவலி உப்புதான் என்று தெரிந்துவிடும். பருத்தியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது. நொய்யல் ஆறு கெட்டதில் அதற்குப் பெரிய பங்கு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் ஆவியாக்கிச் சுத்திகரித்தால்தான் தொழில் என்றாகிவிட்டது. சரி, ஆவியான பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்த மாணவியின் கவனம் இந்தக் கேள்விக்குத் திரும்பினால் நான் சந்தோஷப்படுவேன்.

நம் கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1952இல் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியது உருளைக்கிழங்கு இன ஆராய்ச்சிக்கு. ஊர் உலகம் அவரை அறிந்தது கோதுமையால். அவர் மாறியது பட்டம் வாங்கிய பிறகு. நம் பிள்ளைகளுக்குத்தான் அவ்வளவு பொறுமை இருப்பதில்லை!

அமெரிக்காவில் இந்த மாற்றம் சுலபம். அங்கே பெரும்பாலும் துறையில் சேர்த்துக்கொண்டு முதலில் பாடம் நடத்துகிறார்கள். உயிரியலில் பல இடங்களில், முதல் வருஷம் இரண்டு மூன்று ஆய்வகங்களில் வேலை பார்த்த பிறகே கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, முடிவாகிறார். இங்கே கைடு யார் என்பது பெரும்பாலும் சேரும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் புதிய விருப்பம் அவருக்குத் தெரிந்த எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் பணம். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி வாங்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், உங்கள் பெயரில் வருவது. கைடு வாங்கிய திட்டப் பணத்தில் சம்பளம் என்றால் அந்தத் திட்டத்தின் வேலையை முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டு வரை. மாற்றுவதென்றால், இங்கேயும் தொடக்கத்தில் வரும் பாடங்கள் நடக்கும்போதே மாற்றுவது நல்லது. நாலாம் வருஷம் மனசு மாறினால் ரொம்பச் சிரமம். உங்கள் ஆய்வைக் கவனிக்கும் ஆலோசனைக் குழுவின் முன்னால் திடீரென்று போட்டு உடைக்காமல், அதற்கு முன்பே கைடிடம் தனியாகப் பேசுங்கள். கையில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: புதிய கேள்வி என்ன, பழைய வேலையில் எது பயன்படும், புதிதாக என்ன கருவி வேண்டும். "பிடிக்கலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர்தான் என்ன செய்வார், பாவம்?

அவர் முடியாது என்றால்? கைடையே மாற்றுவது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கமுங்க.