குடவோலையில் யார் பெயர் இல்லை?

வணக்கம் மக்களே! இன்றைக்கு உத்திரமேரூர் கல்வெட்டு. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதுவார்கள், குடத்தில் போடுவார்கள், ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று சொல்லிப் பாடம் முடிந்துவிடும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைச் சொல்லித்தான் பேசினார்.

சரி, கல்வெட்டுக்கே போவோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம். 919இல் ஒரு விதி போட்டு, 921இல் அதைத் திருத்தியிருக்கிறார்கள். ஊரை 30 குடும்பாகப் பிரிக்கிறார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது. கடந்த மூன்று வருடத்தில் பதவியில் இருந்தவருக்கும் இடமில்லை. இதை மட்டும் யாராவது இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை நன்றாக இருக்கும்!

அதே சுவரில்தான் தகுதியும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் (வேலி என்பது பழைய நில அளவு). சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது விளக்கவுரையும், நன்றாகத் தெரிந்தவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. இந்தத் தகுதிகளையும் நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தான். இது எதுவும் இல்லாதவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அவர்களுடைய சபைக்குள் நடந்த தேர்வு இது. உழுதவர், துணி வெளுத்தவர், பெண்கள் யார் பெயரும் ஓலைக்குப் போகவில்லை. கல்வெட்டு இதை ஒளிக்கவில்லை, பச்சையாகவே சொல்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்ற அவை இருந்தது, வணிகர்களுக்கு 'நகரம்' இருந்தது. அங்கே ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று இவ்வளவு விரிவாகச் சொல்லும் கல்வெட்டு கிடையாது. அதனால் வசதியான ஒரே ஒரு ஊரின் விதி, 'சோழர் காலக் கிராமம்' என்று ஆகிவிட்டது. கல்லில் வெட்டக் காசு வேண்டும், கோயில் வேண்டும், காரணம் வேண்டும். கிடைப்பதில் பெரும்பாலும் நில தானம், விளக்கு தானம், நெய்க்கு விட்ட ஆடுகள் இவைதான். அன்றாடக் கணக்கெல்லாம் ஓலையில் இருந்தது, கறையான் தின்றுவிட்டது. பத்திரப்பதிவு ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தெருவின் வாழ்க்கையை எழுதுவது போலத்தான் இது.

தஞ்சாவூருக்கு வாருங்கள். பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று ஆயிரம் வீடியோ இருக்கிறது (விழும், அதை விடுங்கள்). அதே கோயில் சுவரில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய பெண்களின், பெயரை வெட்டி வைத்திருக்கிறார். எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஒரு பங்குக்கு 100 கலம் நெல் அளக்க வேண்டும், அதனால் பெயர் தேவைப்பட்டது. கோயிலுக்கு வரி தரும் ஊர்களின் கணக்கும் அங்கேதான் இருக்கிறது. அதில் ஊர்நத்தம், கம்மாணச்சேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு எல்லாம் வருகின்றன. எதற்கு என்றால், வரி இல்லாத நிலம் என்று மொத்தத்திலிருந்து கழிப்பதற்கு! சேரியின் பரப்பளவு நுணுக்கமான பின்னத்தில் இருக்கும். அங்கே குடியிருந்தவர் ஒருவர் பெயர்கூட இருக்காது.

அதற்காகக் கல்வெட்டு வீண் என்று சொல்லவில்லை. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, திருச்சிக்குப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று வேளாளர் ஊர், இன்னொன்று பிரமதேயம். நிலம் விற்ற கல்வெட்டுகளில் யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈசானமங்கலத்தில் தனி ஆட்களிடம் நிலம் இருக்கிறது, விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அல்லூரில் ஊரார் சேர்ந்து நிலம் வைத்திருக்கிறார்கள். பெருமைக்கு மேற்கோள் காட்ட இதில் ஒன்றுமே இல்லை, அதனால்தானோ என்னவோ இது பாடப்புத்தகப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அல்லூர்க் கல்வெட்டுகளைத் தனி வீடியோவாகப் போடுகிறேன். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் 'ஊரார்', 'ஊரோம்' என்று எங்கேயாவது தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். வரட்டுமா!